விலை பேசப்படும் இடம்: ஸலம் முதல் முன்பேரச் சந்தை வரை

ஒரு பொருள் ஓரிடத்தில் விளைய, அதன் விலை வேறோரிடத்தில் பேசப்படுவது வணிக வரலாற்றில் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கீரமங்கலம் இதனை நன்கு விளக்கும் ஊராகும். அவ்வூர் மலர்ச் சந்தையில் காலையில் பறித்த மல்லிகையும் முல்லையும் அன்றைக்கே விலையாகின்றன. முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாளே இறங்கிவிடும். வாடும் பொருளைக் கிடங்கில் வைத்துக் காக்க இயலாது; எனவே பூவுக்கு வருங்கால விலை என ஒன்றில்லை. ஆனால், அதே ஊரைச் சூழ்ந்த தோப்புகளின் தேங்காய்க்கு வேறொரு கதை உண்டு. தேங்காய் கொப்பரையாகிறது; கொப்பரை எண்ணெயாகிறது; அந்த எண்ணெய் கடைத்தெருவில் பாமாயிலோடு போட்டியிடுகிறது. பாமாயிலின் விலையோ, இன்னும் மரத்தில் இருக்கும் குலைகளின் பேரில், மாதங்கள் பலவற்றுக்கு முன்னரே கோலாலம்பூரில் பேசப்பட்டு விடுகிறது. கீரமங்கலத்துத் தென்னை உழவர் தாம் ஒருபோதும் காணாத ஒரு சந்தையின் போட்டியாளராக இருக்கிறார்.

முன்பேர வணிகத்தைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி வருகின்றன: அது விலைவாசியை ஏற்றுகிறதா, இல்லையா? நுகர்வோரின் வினா அது. விளைவிப்போரின் பக்கம் நின்று கேட்க வேண்டிய வினா வேறு: வருங்கால விலையை இன்றே பேசும் வழக்கம், ஒரே பொருளை விளைவிக்கும் பலருக்கிடையிலான போட்டியை எவ்வாறு மாற்றுகிறது? யாரை முன்னே கொண்டு செல்கிறது? யாரைப் பின்னே தள்ளுகிறது? இவ்வினாவை வரலாற்றின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவின் முன்பண வணிகம்

ஹிஜ்ரத்திற்குப் பின் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்திற்கு ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு முன்னதாகவே விலை கொடுத்து வாங்கும் வழக்கம் உடையோராய் இருந்தனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் செய்தி இது. நபியவர்கள் அவ்வழக்கத்தைத் தடுக்கவில்லை, அதனை ஒழுங்குபடுத்தினார்கள். அளவு, எடை, தவணை ஆகியவை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. இதுவே ஃபிக்ஹ் நூல்களில் ‘ஸலம்’ எனும் தனி அத்தியாயமாக வளர்ந்தது.

ஃபுகஹாக்கள் அதில் சேர்த்த விதிகள் பொருளியல் நோக்கில் கூர்ந்து கவனிக்கத் தக்கவை. முதலாவது, விலை முழுவதும் ஒப்பந்த அமர்விலேயே கைமாற வேண்டும். இமாம் மாலிக் அவர்கள் மட்டும் மூன்று நாள் வரை தாமதத்தை அனுமதித்தார்கள். இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் விளைச்சலை ஸலமாக விற்கலாகாது. அத்தோட்டம் பொய்த்துவிடக் கூடும். பொருளின் இனமும் தரமும் அளவும் மட்டுமே சொல்லப்பட வேண்டும். எத்தோட்டத்தினின்று வந்தாலும் அத்தரத்தில் இருந்தால் போதும். மூன்றாவது, ஒப்படைக்கும் காலத்தில் அப்பொருள் சந்தையில் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹப் இன்னும் கடுமையாக, ஒப்பந்த நாள் முதல் ஒப்படைப்பு நாள் வரை அது சந்தையில் இடைவிடாது கிடைத்து வர வேண்டும் என்கிறது.

இரண்டாவது விதியை இக்கால முன்பேரச் சந்தையின் விதியோடு ஒப்பிட்டால் வியப்பு மேலிடும். சிகாகோவிலும் கொச்சியிலும் வகுக்கப்பட்ட ‘நிர்ணயத் தரம்’ எனும் கருத்து, ஸலத்தின் ‘வர்ணிக்கப்பட்ட பொருள்’ என்பதிலேயே கருக்கொண்டிருந்தது. ஆனால், முதல் விதியில் இரண்டும் பிரிந்து விடுகின்றன. ஸலத்தில் விளைவிப்பவரின் கையில் பணம் விதைப்பின் போதே வந்து சேர்கிறது. ஃபுகஹாக்கள் இதனைத் ‘தேவையுடையோரின் வணிகம்’ என்றழைத்ததும் இக்காரணத்தாலேயே. முன்பேரச் சந்தையிலோ விற்பவருக்கும் பணம் வருவதில்லை. அவரும் வாங்குபவரைப் போலவே பிணைத்தொகை கட்ட வேண்டும். விலை மாறினால் அன்றன்றைய இழப்பை அன்றன்றே ஈடுகட்டவும் வேண்டும். ஸலம் உழவருக்குத் தந்தது பணம். முன்பேரம் தருவது விலை பற்றிய செய்தி. அச்செய்தியைப் பயன்படுத்தவும் அவரிடம் பணம் இருந்தாக வேண்டும். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்துவது நலம். பின்வரும் வரலாறு முழுவதும் இதனையே சுற்றி வருகிறது.

அல்-ஜார் சீட்டுகள்

பொருளுக்குப் பதிலாகக் காகிதம் கைமாறும் வணிகமும் நாம் நினைப்பதைவிடப் பழையது. எகிப்திலிருந்து மதீனாவுக்கு வந்த தானியம் செங்கடலோரம் அல்-ஜார் எனும் துறைமுகத்தில் இறங்கியது. மர்வான் இப்னு ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், அத்தானியத்தைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. தானியத்தைப் பெறும் முன்னரே மக்கள் அச்சீட்டுகளைத் தமக்குள் விற்கலாயினர். வாங்கியோர் மீண்டும் விற்றனர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, வட்டி வணிகத்தை ஆகுமாக்குகிறீரா எனக் கண்டித்ததாகவும், மர்வான் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவரிடம் திருப்பிச் சேர்த்ததாகவும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. முஸ்லிமின் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கண்டித்ததாக வருகிறது.

கைப்பற்றும் முன் விற்கலாகாது எனும் இந்நெறியின் எல்லை குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் மாலிக் அதனை உணவுப் பொருளோடு நிறுத்தினார்கள். இமாம் ஷாஃபிஈ எல்லாப் பொருளுக்கும் விரித்தார்கள். இமாம் அபூஹனீஃபா நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு விலக்களித்தார்கள். உணவுப் பொருளைப் பொறுத்தவரை ஐயம் எவருக்கும் இல்லை: தானியத்தின் மேல் உரிமை கொண்டாடும் காகிதம் தானியத்தினின்று பிரிந்து தனியே ஓடத் தொடங்கினால், அதன் விலை விளைச்சலையும் தேவையையும் விட்டு விலகிப் போகக் கூடும்.

முன்பணம் எப்போதும் உழவருக்கும் நெசவாளருக்கும் நன்மையே செய்தது என்று கொள்வதும் பிழை. சோழமண்டலக் கரையில் துணி வணிகம் நெடுங்காலம் முன்பண முறையிலேயே நடந்தது. தொடக்கத்தில் பல வணிகர்கள் போட்டியிட்டு முன்பணம் தந்தனர். நெசவாளர் ஒருவரை விட்டு மற்றொருவரிடம் செல்ல முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாக்கள், தம்மிடம் முன்பணம் பெற்றவர் பிறருக்கு நெய்யலாகாது என்று கட்டுப்படுத்தியபோது, அதே முன்பணம் விலங்காயிற்று. வாங்குவோரிடையே போட்டி இருக்கும் வரைதான் முன்பணம் விளைவிப்போருக்குத் துணை.

மட்டாஞ்சேரியின் மிளகுச் சந்தை

தென்னகத்தில் முன்பேர வணிகத்தின் மிக நீண்ட வரலாறு மிளகுக்கு உரியது. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம், கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 1957 முதல் மிளகு முன்பேரத்தை நடத்தி வந்தது. 1952ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்கு அது. 1960களில் பற்றாக்குறையும் விலையேற்றமும் மிகுந்தபோது எண்ணெய் வித்துகள் உள்ளிட்ட பல பொருள்களின் முன்பேரத்தை அரசு தடை செய்தது. அத்தடைக் காலத்தையும் தாண்டி நிலைத்த மிகச் சில சந்தைகளுள் கொச்சி மிளகுச் சந்தையும் ஒன்று.

இச்சந்தை மலபார் மிளகு உழவருக்குச் செய்த நன்மையை மறைத்தல் ஆகாது. இடுக்கியிலும் வயநாட்டிலும் மலைச்சரிவுத் தோட்டம் வைத்திருந்தவர், கொச்சி விலையை நாளிதழில் படித்தறிந்தார். உள்ளூர் வியாபாரி விலையை மறைத்து வாங்குவது கடினமாயிற்று. அடுத்த மாதங்களின் விலை உயர்ந்திருந்தால், காய்ந்த மிளகைச் சாக்கில் கட்டி வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பல்லாண்டு கெடாமல் இருக்கும் மிளகு, ஏழை உழவரின் சேமிப்பாகவும் விளங்கியது. இங்கே முன்பேரம், சிறு உழவரை அண்டை வீட்டு உழவரோடு ஒரே தளத்தில் நிறுத்திற்று.

நாடுகளுக்கிடையிலான போட்டியில் நிலைமை வேறாக இருந்தது. மிளகு விளைவிக்கும் நாடுகள் தமக்குள் ஒத்துழைக்க 1972இல் பன்னாட்டு மிளகுச் சமூகத்தை அமைத்தன. இந்தியா, இந்தோனேசியா, மலேசியா ஆகியவை அதன் தொடக்க உறுப்பினர்கள். ஆனால் 1986இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின் வியட்நாம் பெருவேகத்தில் மிளகு பயிரிட்டு, 2000களின் தொடக்கத்திலேயே உலகின் முதன்மை ஏற்றுமதி நாடாயிற்று. அச்சமூகத்தில் அது சேர்ந்தது 2005இல்தான். ஒரு ஹெக்டேருக்கு அங்கு கிடைத்த விளைச்சல் நம்முடையதைவிடப் பன்மடங்கு. இதுவே அதன் வெற்றிக்கு முதற் காரணம். இதனோடு சேர்ந்தது விலை பேசும் முறை. இந்திய ஏற்றுமதியாளர் தமது விலையைக் கொச்சி முன்பேரத்தை ஒட்டி அமைத்தனர். மிளகைக் கண்ணால் காணாத முதலீட்டாளரின் பணம் அச்சந்தையில் நுழைந்து விலையை உயர்த்திய நாட்களில், அயல்நாட்டு வாங்குவோர் வியட்நாமையும் பிரேசிலையும் இந்தோனேசியாவையும் நாடினர். உயர்ந்த விலை உள்நாட்டு உழவருக்கு அன்றைக்கு இனித்தது. அவரது மிளகின் உலகச் சந்தையோ சுருங்கியது.

2003இல் பொருள் முன்பேரத்தின் மீதான தடைகள் பெருமளவு நீக்கப்பட்டன. நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் தோன்றின. தேசியப் பண்டம் மற்றும் வழிப்பொருள் சந்தையான என்.சி.டி.இ.எக்ஸ் 2004இல் மிளகு முன்பேரத்தைத் தொடங்கியதும், மட்டாஞ்சேரியின் கூக்குரல் வணிகம் மெல்ல ஒடுங்கியது. விலை பேசும் இடம் கொச்சித் தெருவிலிருந்து கணினித் திரைக்கு மாறியது. 2012 டிசம்பரில் நிகழ்ந்தது ஒரு பெரும் அதிர்ச்சி. அச்சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் கனிம எண்ணெய் கலந்த மிளகு இருப்பதாக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன் சரக்குக்கு முத்திரையிட்டனர். 2013இல் அங்கு மிளகு முன்பேரம் நின்று போயிற்று. கிடங்குச் சீட்டு எத்தனை கை மாறினாலும் அதன் மதிப்பு கிடங்கிலிருக்கும் பொருளின் மதிப்பே என்பதை அல்-ஜார் சீட்டுகளுக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து மட்டாஞ்சேரி மீண்டும் உணர்த்தியது.

ஈரோடும் நிஜாமாபாத்தும்

தரத்தை வகுப்பவர் போட்டியின் களத்தையும் வகுக்கிறார் என்பதற்கு மஞ்சள் நல்ல சான்று. 2004இல் தொடங்கிய மஞ்சள் முன்பேரத்தின் அடிப்படைத் தரமாகத் தெலங்கானாவின் நிஜாமாபாத் மஞ்சள் கொள்ளப்பட்டது. ஈரோட்டு மஞ்சளுக்கோ தனிப் பெயரும் தனிச் சந்தையும் உண்டு. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் ஈரோட்டு உழவர் தமது மஞ்சளின் விலையை அறிய நிஜாமாபாத்தின் விலையைப் பார்த்து, அதற்கும் தமக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கிட வேண்டியவரானார். அந்த ஏற்றத்தாழ்வு நிலையாக இருந்தால் முன்பேரம் அவருக்கும் பயன்படும். அது தாறுமாறாக மாறினால், ஒரு சந்தையில் காப்பு எடுத்தவர் மற்றொரு சந்தையில் இழப்பார்.

2010இல் குவிண்டால் 15,000 ரூபாயை எட்டிய மஞ்சள் விலை, ஈராண்டுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. உயர்ந்த விலையைக் கண்டு பல மாநிலங்களில் உழவர் ஒருசேர மஞ்சளுக்கு மாறியதே சரிவின் பெருங்காரணம். ஈரோட்டு உழவர் அமைப்புகள் ‘ஆன்லைன் வர்த்தகத்தை’த் தடை செய்ய வேண்டும் எனக் குரலெழுப்பின. முன்பேரம் சரியாக இயங்கியிருந்தால், வரவிருந்த மிகை விளைச்சலை அது விதைப்புக்கு முன்னரே எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் நிலத்தில் இருக்கும் காலம் ஏறத்தாழ ஒன்பது மாதம். முன்பேரத்தில் வணிகம் செறிந்திருப்பதோ மிக அண்மைய ஓரிரு மாத ஒப்பந்தங்களில். விதைப்பவருக்குத் தேவையான தொலைநோக்கு அங்கே மங்கலாகவே இருந்தது. மேலும், ஒரே ஒப்பந்தத்துக்குச் சில டன் சரக்கு தேவை. ஓரிரு ஏக்கர் உழவர் தனியே அதனுள் நுழைய இயலாது.

பெரியோர் போட்டியும் சிறியோர் போட்டியும்

பொருளியல் அறிஞர்கள் இவ்வினாவைக் கோட்பாட்டு நிலையிலும் ஆராய்ந்துள்ளனர். பிளேஸ் அல்லாஸ், ழான்-லுக் விலா ஆகிய இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு பொருளை இரண்டு பெரிய உற்பத்தியாளர் மட்டுமே விற்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் முன்கூட்டியே ஒரு பகுதியை விற்றுவிட்டால், அப்பகுதிக்கு விலை குறைவதால் அவருக்கு இழப்பில்லை. எனவே அவர் துணிந்து மிகுதியாக உற்பத்தி செய்து மற்றவரின் பங்கைக் கைப்பற்ற முயல்வார். மற்றவரும் அவ்வாறே செய்வார். முடிவில் இருவரும் மிகையாக விளைவித்து, விலை வீழ்ந்து, முன்பேரம் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் ஆதாயத்தை இழப்பர். நுகர்வோர் பயனடைவர். முன்பேரம் பெரிய உற்பத்தியாளரிடையே போட்டியைக் கூர்மையாக்குகிறது என்பது இதன் சாரம்.

வரலாறு இதற்கு ஒத்த சான்றுகளைத் தருகிறது. எண்ணெய் வள நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், 1970களில் விலையைத் தானே அறிவித்து வந்தது. 1983இல் நியூயார்க்கில் கச்சா எண்ணெய் முன்பேரம் தொடங்கியது. கூட்டமைப்புக்கு வெளியே வட கடல் முதலிய இடங்களின் உற்பத்தியும் பெருகியது. 1986இல் விலை நொறுங்கியது. அதன்பின் சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகள் சந்தை விலையை ஒட்டிய சூத்திரத்தால் தமது விலையை அமைக்கலாயின. வெள்ளீயத்தின் வரலாறு இன்னும் துயரமானது. பன்னாட்டு வெள்ளீய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க லண்டன் உலோகச் சந்தையில் முன்பேரத்திலும் வாங்கிக் குவித்தது. அதில் உறுப்பு வகிக்காத பிரேசில் அந்த உயர்ந்த விலையின் நிழலில் உற்பத்தியைப் பெருக்கிற்று. 1985 அக்டோபரில் மன்றத்தின் பணம் தீர்ந்தது. விலை சரிந்து, மலேசியாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன.

ஆனால் தென்னை உழவரும் மஞ்சள் உழவரும் இவ்வகைப் பெரியோர் அல்லர். அவர்களுள் எவரும் தமது விளைச்சலைக் கூட்டியோ குறைத்தோ விலையை அசைக்க வல்லவர் இல்லை. எனவே முன்பேரம் அவர்களிடையே போட்டியைக் கூர்மையாக்குவதில்லை. கிடங்கும் கடனும் உடையவரையும் அவை இல்லாதவரையும் அது இரு பிரிவாக்குகிறது. முன்னவர் விலை ஏறும் வரை காத்திருக்கலாம். பின்னவர் அறுவடை நாளில் விற்றாக வேண்டும். விலை என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அதற்கேற்ப நடக்க ஒருவரால் மட்டுமே முடியும்.

கோலாலம்பூரும் கீரமங்கலமும்

மலேசியாவில் 1980இல் தொடங்கிய கோலாலம்பூர்ப் பண்டச் சந்தை, கச்சாப் பாமாயிலுக்கு முன்பேரம் நடத்தியது. அதன் வழிவந்த பர்சா மலேசியாவின் வழிப்பொருள் சந்தையே இன்று உலகப் பாமாயில் விலையின் அளவுகோல். தமிழர் பல தலைமுறை உழைத்த இரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாறிய காலத்தின் விளைவும் ஆகும் அது. பெருந்தோட்ட நிறுவனங்கள் வருங்கால உற்பத்தியை இன்றைய விலைக்கு உறுதி செய்து, அவ்வுறுதியைக் காட்டிக் கடன் பெற்று விரிவடைய முடிந்தது. சிறு உழவரும் முற்றிலும் விடுபடவில்லை. 1956இல் அமைந்த ஃபெல்டா, குடியேற்ற உழவரின் குலைகளைத் தன் ஆலைகளில் பிழிந்து மொத்தமாக விற்றது. பலரின் சிறு விளைச்சல் ஒரு பெரும் சரக்காகியபோதுதான் அது உலகச் சந்தையில் நிற்க முடிந்தது.

இந்தியா தனது சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு பாமாயில். தமிழ்நாட்டில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் பாமாயில் மானிய விலையில் வழங்கப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்பது தென்னை உழவரின் நெடுநாள் கோரிக்கை. இவ்வாறு கோலாலம்பூர் விலையும், தில்லி விதிக்கும் இறக்குமதி வரியும், மாநில அரசின் கொள்முதலும் சேர்ந்தே கீரமங்கலத்துத் தேங்காயின் போட்டி நிலையை வரையறுக்கின்றன. வரியும் நிலையானதன்று: 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படை வரி 20 விழுக்காடாக உயர்ந்தது, 2025 மே இறுதியில் 10 விழுக்காடாகக் குறைந்தது.

தேங்காய் எண்ணெய்க்கும் கொப்பரைக்கும் கொச்சியில் முன்பேரச் சந்தை அமைக்கும் முயற்சி நடந்தது. அது பாமாயிலைப் போல் ஆழம் பெறவில்லை. இந்தியாவிலேயே நடந்து வந்த கச்சாப் பாமாயில் முன்பேரமும், நெல், கோதுமை, கடலை, கடுகு, சோயா, பாசிப்பயறு ஆகியவற்றோடு 2021 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. அத்தடை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. விலையேற்றத்தைத் தடுக்கவே அரசு இவ்வாறு செய்தது. முன்பேரம் விலையை ஏற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2008இல் அபிஜித் சென் குழு கூறியிருந்தது. இத்தடையால் கோலாலம்பூரில் விலை பேசப்படுவது நிற்கவில்லை. அதில் நம்மவர் பங்கேற்கும் வழி மட்டுமே குறுகியது.

தென்னை உழவருக்கு அரசின் குறைந்தபட்ச ஆதார விலை ஓரளவு அரண். 2025 பருவத்திற்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு சந்தை விலை அதனை வெகுவாகத் தாண்டி ஏறியது. ஆனால் உயர்ந்த விலையின் பயன், காய்க்கும் மரம் உடையவருக்கே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. கீரமங்கலமும் சுற்றுப்புறமும் தப்பவில்லை. நெட்டை இரகக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். மாதக் கணக்கில் முடியும் எந்த முன்பேர ஒப்பந்தமும் அந்த ஆறேழு ஆண்டு முடிவுக்கு வழிகாட்டாது. தென்னையை மீண்டும் நடுவதா, வாழைக்கும் பூவுக்கும் மாறுவதா என்பதை உழவர் தாமாகவே துணிய வேண்டியிருந்தது.

தோப்புக் குத்தகையும் பேரிடரும்

இவ்விடத்தில் ஃபிக்ஹ் மீண்டும் நமக்குத் துணை வருகிறது. தோப்பின் காய்ப்பை ஓராண்டுக்கோ பல ஆண்டுகளுக்கோ வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு முன்பணம் பெறும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. இது ஸலத்தைப் போலத் தோன்றினும் ஸலம் அன்று. குறிப்பிட்ட தோட்டத்தின் விளைச்சல் இங்கே விற்கப்படுகிறது. பழம் பயன்தரும் நிலையை அடையும் முன் அதனை விற்பதையும், மரங்களின் பல ஆண்டுக் காய்ப்பை ஒருசேர விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ்கள் உள்ளன. விற்ற பழத்தைப் பேரிடர் அழித்துவிட்டால் விலையைத் தள்ளுபடி செய்யுமாறு அவர்கள் ஏவியதையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் தள்ளுபடி கடமை என்பது இமாம் மாலிக்கின் நிலை. இமாம் அபூஹனீஃபாவும், தம் பிற்காலக் கருத்தில் இமாம் ஷாஃபிஈயும், அதனைக் கடமையாக அன்றி விரும்பத்தக்க நற்செயலாகக் கொண்டனர். புயலின் சுமையை எவர் தாங்குவது என்பது ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடாமல், 2018இல் தோப்பு விட்டவரும் எடுத்தவரும் நேர்நின்று பேச வேண்டிய வழக்காயிற்று.

முன்பேரம் குறித்து இக்கால அறிஞர்களின் நிலைப்பாடும் ஒன்றன்று. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் கழகம், பொருளும் பணமும் இரண்டுமே பின்னுக்குத் தள்ளப்பட்டு, உண்மையான ஒப்படைப்பு இன்றி எதிர் ஒப்பந்தத்தால் தீர்க்கப்படும் வணிகத்தை ஏற்கவில்லை. ஸலத்தின் நிபந்தனைக்கு உட்பட்டதை ஏற்றது. முஃப்தீ முஹம்மத் தகீ உஸ்மானீ போன்றோர் முன்பேரத்தை மறுக்கின்றனர். முஹம்மத் ஹாஷிம் கமாலீ, முற்காலத்துத் தடைகளின் காரணமான நிச்சயமின்மை ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தையில் நீங்கிவிடுகிறது என வாதிடுகிறார். மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழுவும் கச்சாப் பாமாயில் முன்பேரத்தை ஆகுமானதாகக் கண்டது. இவ்விவாதத்தில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஆகுமா, ஆகாதா எனும் வினாவோடு, விளைவிப்பவருக்கு அதனால் என்ன ஆகிறது எனும் வினாவும் இணைய வேண்டும். ஸலத்தை நபியவர்கள் அனுமதித்ததில் அவ்வினாவுக்கான விடையே அடங்கியிருக்கிறது.

வரலாறு காட்டும் நெறி

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின், மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முன்பேரச் சந்தை விலையை மறைவிடத்திலிருந்து வெளிக்கொணர்கிறது. மட்டாஞ்சேரி இதற்குச் சான்று. அச்சந்தையின் தரத்தையும் அளவையும் வகுப்பவர் யாரோ, அவருக்கு அணுக்கமான உற்பத்தியாளர் முன்னணி பெறுகிறார். நிஜாமாபாத்தும் கோலாலம்பூரும் இதற்குச் சான்று. கிடங்கும் முன்பணமும் இல்லாத உழவருக்கு வெளிப்பட்ட விலையும் எட்டாக் கனியே. ஈரோடும் கீரமங்கலமும் இதற்குச் சான்று.

ஆகவே, தடையா அனுமதியா என்று மட்டும் வாதிடுவது உழவரைப் பொறுத்தவரை போதாது. 2007ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற கிடங்கின் சீட்டை அடகாக வைத்துக் கடன் பெற வழி செய்துள்ளது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறு விளைச்சலைத் திரட்டிப் பெருஞ்சரக்காக்க முடியும். இவற்றோடு, விதைப்பின்போதே முழு விலையையும் தந்து, தரமும் அளவும் தவணையும் எழுதி, பேரிடரில் பொறுப்பைப் பகிரும் முன்பண வணிகம் சேருமானால், கொப்பரை உலர்த்தும் உழவர் விலைக்காகக் காத்திருக்கும் வலிமை பெறுவார். மட்டாஞ்சேரியிலும் மஹல்லாக்களிலும் காயல்பட்டினத்திலும் வணிகத்தை வாழ்வாகக் கொண்ட நம் சமுதாயத்திடம் இதற்குரிய ஃபிக்ஹ் மரபும் முதலும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட முன்பணம் தருவோர் இருக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கலாகாத நிபந்தனை. சோழமண்டல நெசவாளரின் கதை அதனை நமக்கு என்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.